காலடித் தடத்திலிருந்து நிகழ்தகவுக்கு: உல்லாஸ் கரந்த்தின் புலி ஆய்வுகளும் இந்தியக் காட்டுயிர் மதிப்பீட்டின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் புலிகளின் எண்ணிக்கை குறித்து 1972 முதல் வெளியிடப்பட்டுவரும் அரசுப் புள்ளிவிவரங்கள் ஒரே தன்மையன அல்ல. முதல் முப்பது ஆண்டுகளின் எண்கள் காலடித் தடங்களை எண்ணிப் பெறப்பட்டவை. 2006-க்குப் பிந்தையவை நிகழ்தகவுக் கோட்பாட்டின் வழி மதிப்பிடப்பட்டவை. இம்மாற்றத்திற்கு அறிவியல் அடித்தளம் அமைத்தவர்களுள் முதன்மையானவர் கருநாடகத்தைச் சேர்ந்த கே. உல்லாஸ் கரந்த். அவர் ஆய்வுகள் எத்தகைய அறிவுச் சூழலில் தோன்றின, எவற்றை மாற்றின, எங்கே எதிர்ப்பையும் எல்லையையும் சந்தித்தன என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அரசு வெளியிடும் எண்ணை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் ஆய்வாளர் அவ்வெண் பிறந்த முறையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புலி, காட்டுயிர் மதிப்பீடு, பிடிப்பு - மீள்பிடிப்பு, கண்டறி நிகழ்தகவு, நாகரஹொளே, இரைவிலங்கு அடர்த்தி, உல்லாஸ் கரந்த்.

முன்னுரை

1972-இல் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு இந்தியாவில் 1,827 புலிகள் இருப்பதாகத் தெரிவித்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2002 அளவில் அரசின் எண் 3,642 ஆக உயர்ந்திருந்தது. 2006-ஆம் ஆண்டு மதிப்பீடு 1,411 என்றது. 2022-இன் சராசரி மதிப்பீடு 3,682.

இந்த நான்கு எண்களையும் ஒரே வரைகோட்டில் இணைத்து, ஏறியது, வீழ்ந்தது, மீண்டும் ஏறியது என்று விளக்கும் வழக்கம் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் வேரூன்றியுள்ளது. ஆய்வேடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால் 3,642-க்கும் 1,411-க்கும் இடையிலான 2,231 புலிகள் நான்கே ஆண்டுகளில் மடிந்தன என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வேட்டையால் வந்தது, எவ்வளவு பங்கு முன்னைய முறையின் பிழையால் வந்தது என்று பிரித்தறிய இனி வழியும் இல்லை. முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது பொருளற்றது.

கல்வெட்டில் வரும் நிலவளவை இக்கால ஏக்கரோடு ஒப்பிடுமுன், அக்கோல் எத்தனை சாண் கொண்டது என்று கேட்பது நம் ஆய்வு மரபு. காட்டுயிர் எண்களிடம் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை. இந்தியாவில் அக்கேள்வியை 1980-களிலேயே எழுப்பி, விடை காணும் வழியையும் வகுத்தவர் கரந்த் என்பதே அவரை வரலாற்று ஆய்வுக்குரியவராக ஆக்குகிறது.

காலடித் தட முறையும் அதன் எடுகோள்களும்

ஒடிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-இல் வகுத்தது காலடித் தட முறை. குறிப்பிட்ட சில நாள்களில் வனப் பணியாளர் அனைவரும் காட்டுத் தடங்களிலும் ஓடைக் கரைகளிலும் நடந்து, புலியின் பின்னங்கால் தடத்தைக் கண்ணாடித் தட்டின்மேல் வரைந்தெடுப்பர். சில இடங்களில் சாந்து வார்ப்பும் எடுப்பர். பின்னர் அவற்றை ஒப்பிட்டு, ஒரே புலியின் தடங்கள் எனத் தோன்றுவனவற்றை நீக்கி, எஞ்சியவற்றை எண்ணுவர். செலவு குறைவு, கடைநிலைக் காவலரும் பங்கேற்கலாம், ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டின் மூலை முடுக்கெல்லாம் மனிதர் நடந்து பார்க்கும் வாய்ப்பும் கிட்டியது. இந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இம்முறை இரண்டு எடுகோள்களின்மேல் நின்றது. ஒன்று, ஒவ்வொரு புலியையும் அதன் தடத்தைக் கொண்டே பிரித்தறியலாம் என்பது. மற்றொன்று, காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடமும் பணியாளர் கண்ணில் படும் என்பது. தடத்தின் வடிவம் மண்ணின் ஈரத்தாலும் விலங்கின் நடை வேகத்தாலும் வரைபவர் கைப்பழக்கத்தாலும் மாறும். பாறைப் பரப்பிலும் சருகு மூடிய தரையிலும் தடமே பதியாது. கரந்த் இந்த எடுகோள்களைச் சோதனைக்கு உட்படுத்தினார். வளர்ப்பிடத்தில் இருந்த ஒருசில புலிகளின் தட வரைவுகளைத் தேர்ச்சி பெற்ற அலுவலர்களிடம் அளித்து, இவை எத்தனை புலிகளுடையவை என்று கேட்டபோது எவராலும் சரியான எண்ணைச் சொல்ல இயலவில்லை. இச்சோதனையை உள்ளடக்கிய அவரது திறனாய்வு 1987-இல் வெளிவந்தது. துறை வட்டாரத்தில் அது பெற்ற வரவேற்பு குளிர்ச்சியானதே. முறை மேலும் பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது.

ஏன் நீடித்தது என்பதற்கு அறிவியலுக்கு வெளியிலும் காரணம் உண்டு. காப்பகத்தின் இயக்குநரே எண்ணுபவர். அவ்வெண்ணே அவர் பணிக்குச் சான்றிதழ். எண் குறைந்தால் விளக்கம் கேட்கப்படும். கூடினால் கேள்வி எழாது. இத்தகைய அமைப்பில் எண் கூடுவதற்கு யாரும் பொய்யெழுத வேண்டியதில்லை; ஐயத்திற்குரிய தடம் ஒவ்வொன்றையும் புதிய புலியாகக் கொண்டாலே போதும்.

பொறியியலிலிருந்து காட்டுக்கு

கரந்த் 1948-இல் பிறந்தவர்; கன்னட இலக்கியப் பேரறிஞர் சிவராம கரந்த்தின் மகன். சூரத்கல்லில் இயந்திரப் பொறியியல் பயின்று, பின் உழவிலும் ஈடுபட்டவர். காட்டுயிர் ஆர்வம் இளமையிலேயே இருந்தபோதிலும் முறையான கல்வியைப் பின்னரே பெற்றார்: 1988-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1993-இல் மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும். நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் சார்பில் நாகரஹொளேயில் நீண்டகாலக் கள ஆய்வைத் தொடங்கியதும் இக்காலத்திலேதான். அளவீட்டில் பிழை தவிர்க்க முடியாதது, ஆனால் அதன் அளவைச் சொல்லாமல் விடுவது தவிர்க்கக் கூடியது என்பது பொறியாளருக்கு இயல்பாக வரும் நினைப்பு. அவர் எழுத்துகளைத் தொடர்ந்து வாசிப்பவர்க்கு அந்த முதற்பயிற்சியின் சாயல் புலப்படும்.

புலியின் வரிகளைக் கொண்டு தனிப்புலியை அடையாளம் காணலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு அன்று. ஐக்கிய மாகாண வனத்துறையில் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கையில் தட்டுப்படும் கம்பியால் இயங்கும் கருவிகொண்டு இரவுப் படங்களை எடுத்து 1927-இல் நூலாக வெளியிட்டார்; புலிக்குப் புலி வரிகள் வேறுபடுவதை அப்படங்களே காட்டின. கான்ஹாவில் 1960-களில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஷாலர் முக வரிகளைக்கொண்டு புலிகளை இனங்கண்டார். நேபாளத்தின் சித்வனில் சார்லஸ் மெக்டூகல் தானியங்கி ஒளிப்படக் கருவிகளை இதற்குப் பயன்படுத்தினார்.

மறுபுறம், குறியிட்டு விடுவித்து மீண்டும் பிடிக்கும் முறையும் புதியதன்று. டென்மார்க்கின் பீட்டர்சன் 1890-களில் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் வாத்துகளுக்கும் இதைக் கையாண்டனர். ஜாலி, சீபர் ஆகியோர் 1965-இல் தனித்தனியே வெளியிட்ட மாதிரிகள், பிறப்பும் இறப்பும் நிகழும் திறந்த தொகுதிகளுக்கும் இதனை விரித்தன. ஒளிப்படக்காரரின் மரபும் புள்ளியியலாளரின் மரபும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்துவந்தன. மேரிலாந்திலுள்ள பட்டக்சென்ட் காட்டுயிர் ஆய்வு மையத்தின் ஜேம்ஸ் நிக்கல்ஸுடன் கரந்த் கொண்ட கூட்டுறவில்தான் இவ்விரண்டும் புலியின் பொருட்டு இணைந்தன.

விடுபட்டவற்றை மதிப்பிடுதல்

இம்முறையின் அடிப்படையை எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 புலிகள் கருவியில் பதிந்தன எனக் கொள்வோம். இரண்டாம் சுற்றில் 24 பதிந்தன. அவற்றுள் 16 முன்னரே பதிந்தவை. அப்படியானால் முன்பு பதிந்தவையும் பதியாதவையும் கலந்திருக்கும் விகிதம் 24-க்கு 16, அதாவது மூன்றில் இரண்டு. முதல் சுற்றின் 20 என்பது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் மொத்தம் 30. கண்ணில் பட்டவை 28 மட்டுமே. ஆனால் மதிப்பீடு 30. எஞ்சிய இரண்டு புலிகளை யாரும் பார்க்கவில்லை; பார்த்தவற்றின் மீள்வருகையே அவற்றின் இருப்பை உணர்த்துகிறது.

இதில் அடங்கிய கருத்தே கண்டறி நிகழ்தகவு: காட்டில் இருக்கும் ஒரு விலங்கு ஆய்வாளருக்குத் தென்படும் வாய்ப்பு. இரண்டு காடுகளில் 30 புலிகள் வீதம் தென்பட்டால் இரண்டும் சமம் என்று பழைய முறை கூறும். முதற்காட்டில் அவ்வாய்ப்பு பத்தில் ஒன்பதும் இரண்டாவதில் பத்தில் ஐந்தும் எனில், முன்னதில் 33, பின்னதில் 60 புலிகள் உள்ளன. தென்பட்ட எண்ணிக்கையைத் தென்படும் வாய்ப்பால் வகுக்காத எந்தக் கணக்கும், விலங்கைப் பற்றிச் சொல்கிறதா, தேடியவரைப் பற்றிச் சொல்கிறதா என்பது தெளிவாகாது.

கரந்த் நாகரஹொளேயில் மேற்கொண்ட முதல் ஒளிப்படப் பிடிப்பு - மீள்பிடிப்பு ஆய்வு 1995-இல் வெளிவந்தது. புலியின் இருபக்க வரிகளும் ஒத்திருப்பதில்லை. ஆகவே தடத்தின் இருமருங்கிலும் எதிரெதிரே கருவிகள் பொருத்தப்பட்டன. படச்சுருள் காலத்தில் இது எளிய வேலையன்று: சுருளை மாற்ற வேண்டும், யானை கருவியை மிதித்து நொறுக்கும், மழை உள்ளே புகும். 1998-இல் நிக்கல்ஸுடன் இணைந்து எழுதிய கட்டுரை பெஞ்ச், கான்ஹா, நாகரஹொளே, காசிரங்கா ஆகிய நான்கு காடுகளுக்கு இம்முறையை விரித்தது. நூறு சதுர கிலோமீட்டருக்கு 4.1 முதல் 16.8 வரை புலிகள் எனக் கிடைத்த அடர்த்திகள் ஒவ்வொன்றும் அதனதன் திட்டப்பிழையுடன் அச்சாயின. புலி பற்றிய எண் தன் நிச்சயமின்மையையும் உடன் ஏந்தி வருவது இந்தியச் சூழலில் புதுமை.

இம்முறைக்கும் ஒரு வலுவற்ற இணைப்பு இருந்தது. எத்தனை புலிகள் என்பதற்கு விடை கிடைத்தாலும், அவை எவ்வளவு பரப்பைச் சார்ந்தவை என்பது தெளிவில்லை. கருவி வைத்த பரப்பின் விளிம்பில் உலவும் புலி உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். கருவிப் பரப்பைச் சுற்றி, புலிகள் நகர்ந்த தொலைவின் அடிப்படையில் ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்வது முதலில் கையாளப்பட்ட தீர்வு. அது வசதிக்கான தீர்வே அன்றிக் கோட்பாட்டு வழிப்பட்டது அன்று. 2004-இல் எஃபோர்டு முன்வைத்த இடம்சார் பிடிப்பு - மீள்பிடிப்பு மாதிரி இக்குறையைக் களைந்தது. 2009-இல் ராயில், கரந்த், அர்ஜுன் கோபாலசாமி, சாம்பா குமார் ஆகியோர் பேயசியப் புள்ளியியலின் வழி அதனைப் புலித் தரவுகளுக்குப் பொருத்தினர். தம் முந்தைய முறையின் ஓட்டையைத் தாமே பங்கேற்று அடைத்தது, முறையோடு அவருக்கிருந்த உறவு எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

ஒரு காட்டின் பத்தாண்டு

2006-இல் வெளியான நாகரஹொளே ஆய்வே அவர் பணிகளுள் மிகச் சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1991 முதல் 2000 வரை 5,725 கருவி நாள்களில் 74 தனிப்புலிகள் பதிவாயின. ஆண்டு உயிர்பிழைப்பு வீதம் 0.77 என்றும், தொகுதியின் வளர்ச்சி வீதம் 1.03 என்றும் கணிக்கப்பட்டன. அடர்த்தி நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 முதல் 22 வரை ஏறியிறங்கியது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். நன்கு காக்கப்பட்ட ஒரு காட்டிலேயே ஆண்டுதோறும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான புலிகள் மறைகின்றன. சில இறக்கின்றன, சில நிலையாக வெளியேறுகின்றன, இவ்விரண்டையும் இம்மாதிரி பிரித்துக் காட்டாது. ஆயினும் தொகுதி வீழவில்லை. புதியன பிறந்தும் வந்தும் இடத்தை நிரப்புகின்றன. தனிப்புலியின் இறப்பும் புலித்தொகுதியின் அழிவும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு இங்கு அளவையோடு நிறுவப்பட்டது. ஒவ்வொரு புலி இறப்பையும் இனத்தின் முடிவாக அறிவிக்கும் செய்தி மொழிக்கு இது உவப்பான முடிவு அன்று. மறுதலையாக, இதனை வேட்டையைப் பொறுத்துக்கொள்வதற்கான உரிமச்சீட்டாகப் படிக்கவும் இடமில்லை. அடர்ந்த இரையும் காவலும் இருந்த ஒரு காட்டின் முடிவு இது.

இரையும் இரைகொல்லியும்

கரந்த்தின் தாக்கத்தை ஒளிப்படக் கருவியோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அவரது சூழலியல் மாதிரிகளில் அதனினும் ஆழமானது இரை பற்றியது. மெல்வின் சன்குவிஸ்டுடன் நாகரஹொளேயில் செய்த ஆய்வுகளில், நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, கண்ட விலங்கின் தொலைவை அளந்து, காட்டெருது, கடமான், புள்ளிமான், கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் அடர்த்தி மதிப்பிடப்பட்டது. புலி பேருருவ இரையை நாடுவதும், சிறுத்தையும் செந்நாயும் நடுத்தர இரையை நாடுவதும் 1995-இல் வெளியான கட்டுரையில் நிறுவப்பட்டன.

அடுத்து 1999-இல் பிராட்லி ஸ்டித்துடன் அவர் அமைத்த தொகுதி மாதிரி அக்காலப் பொதுக்கருத்துக்கு மாறான முடிவைத் தந்தது. புலி வேட்டையே பேரழிவு என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. எலும்பு வணிகம் பற்றிய செய்திகள் 1990-களின் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. கென்னி முதலியோர் 1995-இல் வெளியிட்ட மாதிரியும் வேட்டை ஓர் எல்லையைத் தாண்டினால் தொகுதி திடீரெனச் சரியும் என்றது. கரந்த்தும் ஸ்டித்தும், மான்களும் காட்டெருதுகளும் அற்றுப்போன காட்டில் புலிவேட்டை நடைபெறாவிடினும் குட்டிகள் பிழைக்காமல் தொகுதி தேய்ந்துவிடும் என்று காட்டினர். தோட்டாவின் சத்தம் கேட்காத காட்டிலும் புலி அழியும் என்பதே அதன் சாரம். பின்னர் 2008-இல் ஷாப்ரோன் முதலியோர் இச்சிக்கலை மீண்டும் ஆராய்ந்து, வேட்டையைத் தாங்கும் ஆற்றல் புலிக்கு முன்னர் நினைத்ததைவிடக் குறைவு என்றனர். இவ்விவாதத்தில் இரு தரப்பும் முற்றாகத் தோற்கவில்லை. வேட்டையும் இரைக்குறைவும் மாற்றுக் காரணங்கள் என்ற எதிர்நிலைதான் வலுவிழந்தது.

2004-ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வுறவை எண்ணாக்கியது. ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 குளம்பு விலங்குகளைக் கொல்கிறது. அது இரைத்தொகுதியில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஒரு புலி நிலைத்திருக்கச் சுமார் 500 இரைவிலங்குகள் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 50 இரைவிலங்குகள் உள்ள காட்டில், நூறு சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் புலிகள் வாழலாம். இரை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 5.3 முதல் 63.8 வரையும், புலி அடர்த்தி நூறு சதுர கிலோமீட்டருக்கு 3.2 முதல் 16.8 வரையும் வேறுபட்ட பதினொரு இடங்களின் தரவுகள் இம்மாதிரியோடு பொருந்தின. புலியைப் பார்க்காமலே, மானை எண்ணி, ஒரு காடு எத்தனை புலிகளைத் தாங்கும் என்று கூற முடிந்தது.

இச்சமன்பாடு ஆய்விதழோடு நின்றுவிடவில்லை. இரை பெருக வேண்டுமானால் மேய்ச்சலும் சிறுவேட்டையும் விறகெடுப்பும் நிற்க வேண்டும். அவை நிற்க மனிதர் குடியிருப்பு விலக வேண்டும் என்று வாதம் நீண்டது. மக்கள் தாமே விரும்பி இடம்பெயர்வதைக் கரந்த் வெளிப்படையாக ஆதரித்தார். நாகரஹொளேயின் ஜேனு குறும்பர் போன்ற பழங்குடியினரின் உரிமை குறித்துப் பேசுவோர் இதனைக் கடுமையாக மறுத்தனர். 2006-இன் வன உரிமைச் சட்டம் இவ்விவாதத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. சமன்பாட்டில் மனிதர்க்கென ஒரு மாறி இல்லை. அது அதன் குறை அன்று. அது வேறு கேள்விக்கு விடை காண எழுதப்பட்டது. ஆனால், இத்தனை புலிகள் வேண்டும் என்ற இலக்கை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அதனிடம் செல்வோர்க்கு அது ஒரு விடையையே திரும்பத் திரும்பத் தரும். எத்தனை புலிகள், யாருடைய இழப்பில் என்ற கேள்வி அறிவியல் மாதிரிக்குள் தீர்வதன்று என்பதைக் கரந்த்தின் ஆதரவாளர் சிலர் போதிய அளவு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரிஸ்காவும் அதன் பின்னும்

2003-இல் கரந்த் குழுவினர், இந்தியாவின் புலிக் கண்காணிப்பு அறிவியல் அடிப்படை அற்றது என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடுத்த ஈராண்டுக்குள் இராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட இல்லை என்பது வெளிப்பட்டது. ஏட்டில் பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் இருந்தன. கண்ணாடித் தட்டுகள் கண்ட புலிகள் காட்டில் இல்லை. பிரதமர் அமைத்த, சுனிதா நாராயண் தலைமையிலான புலிப் பணிக்குழு 2005-இல் தன் அறிக்கையை அளித்தது. காலடித் தட முறை கைவிடப்பட்டது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் உருவானது.

இந்தியக் காட்டுயிர் நிறுவனம் வகுத்த புதிய முறையின்படி 2006-இன் மதிப்பீடு 1,411 என்றும், அதன் எல்லை 1,165 முதல் 1,657 வரை என்றும் வெளியாயிற்று. ஒளிப்படப் பிடிப்பு - மீள்பிடிப்பு அதில் இடம்பெற்றது. இருபது ஆண்டு வாதம் வென்றது என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் கரந்த் அவ்வாறு கொள்ளவில்லை. புதிய முறை இரு அடுக்குகளைக் கொண்டது. சிறு பரப்பில் கருவிகொண்டு அடர்த்தி காண்பது ஒன்று. பெரும்பரப்பில் காலடி, எச்சம் முதலிய அடையாளங்களைத் திரட்டி, முதல் அடுக்கின் துணையால் அவற்றைப் புலி எண்ணாக மாற்றுவது மற்றொன்று. இரண்டாம் அடுக்கில் பழைய சிக்கலே மாற்றுருவில் திரும்பியது என்பது அவர் தரப்பு. அடையாளம் கண்ணில் படும் வாய்ப்பு காட்டுக்குக் காடு மாறும்போது, ஓரிடத்தின் விகிதம் மற்றோரிடத்திற்கு எப்படிப் பொருந்தும்?

ஜாலா, குரேஷி, ராஜேஷ் கோபால் ஆகியோர் 2011-இல் அடையாளங்களுக்கும் புலி அடர்த்திக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று எழுதினர். கோபாலசாமி, கரந்த் முதலியோர் 2015-இல், கண்டறி நிகழ்தகவு மாறுபடும் நிலையில் அத்துணை வலுவான தொடர்பு அரிதினும் அரிது என்று கணித வழியில் மறுத்தனர். அம்மறுப்பை நிறுவனத்தார் ஏற்கவில்லை. இரு தரப்பிலும் சொற்கள் சூடேறின. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது தனிமனிதப் பூசலாகத் தோன்றலாம். அடியில் கிடந்த பூசல் வேறு: மூலத்தரவு யாருக்குரியது, அரசு அமைப்பு செய்த கணக்கை அரசுக்கு வெளியே உள்ளவர் சரிபார்க்க இயலுமா என்பன அதன் கேள்விகள். அவை இன்றும் தீரவில்லை.

இதற்கிடையில் முறைகள் நெருங்கிவந்தன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அரசு மதிப்பீடு பின்னர் இடம்சார் மாதிரிகளை ஏற்றது. 2018-19 சுற்றில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டு, 2,461 தனிப்புலிகள் படத்தால் இனங்காணப்பட்டன. மொத்த மதிப்பீடு 2,967. மொத்தத்தின் பெரும்பகுதி நேரடியாகப் படம் பிடிக்கப்பட்ட புலிகளே. அடையாள அடுக்கின் சுமை அந்த அளவுக்குக் குறைந்தது.

தமிழகத்து எண்களும் தமிழ்ச் சொற்களும்

நாகரஹொளேயும் பந்திப்பூரும் முதுமலையும் சத்தியமங்கலமும் வயநாடும் அரசியல் எல்லையால் பிரிந்த ஒரே காட்டுத்தொடர். அங்கே வளர்ந்த முறை இங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. தமிழ்நாட்டின் மதிப்பீடு 2006-இல் 76, 2010-இல் 163, 2014-இல் 229, 2018-இல் 264, 2022-இல் 306. பதினாறு ஆண்டுகளில் நான்கு மடங்கு என்று இதனைப் படிப்பது எளிது. ஆனால் முதுமலை 2007-இலும், சத்தியமங்கலம் 2013-இலும்தான் புலிகள் காப்பகங்களாயின. காப்பகம் ஆனதும் காவல் கூடியது, கருவிகளும் கூடின. உயர்வில் ஒரு பகுதி புலியின் பெருக்கம். ஒரு பகுதி தேடலின் பெருக்கம். இந்த எண்களைக்கொண்டு மாநிலக் காட்டுயிர் வரலாறு எழுத முற்படுவோர், ஒவ்வொரு சுற்றிலும் எந்தெந்தக் காடுகளில் எத்தனை கருவிகள் எத்தனை நாள் இருந்தன என்பதை அறிக்கைகளின் பின்னிணைப்பில் தேடியாக வேண்டும்.

கரந்த் பொதுவாசகர்க்கு எழுதிய புலி நூலைச் சு. தியடோர் பாஸ்கரன் 'கானுறை வேங்கை' என்னும் பெயரில் தமிழாக்கினார். காட்டுயிர் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயத்திற்கு அந்நூல் ஒரு விடை. இரைகொல்லி, வாழிடம் போன்ற சொற்கள் இன்று பள்ளி மாணவர்க்கும் பழகியுள்ளதில் அவர் எழுத்துகளுக்குப் பங்குண்டு. எனினும் ஒரு சொல் இன்னும் மாறவில்லை. நான்காண்டுக்கொருமுறை வெளிவரும் அறிக்கை தருவது 'மதிப்பீடு' ஆயினும், தமிழ் நாளிதழ்கள் அதனைப் 'புலிகள் கணக்கெடுப்பு' என்றே எழுதுகின்றன. கணக்கெடுப்பு என்றால் ஒன்றுவிடாமல் எண்ணுதல். மக்கள்தொகைக்கு ஆகும் சொல். 2018-இன் அறிக்கை 2,967 என்ற எண்ணோடு 2,603 முதல் 3,346 வரை என்ற எல்லையையும் தந்திருந்தது. தலைப்புச் செய்திகளில் முதல் எண் மட்டுமே இடம்பெற்றது.